அரைச் சுற்று

அப்பாவின் அம்பாசடரை விற்க இருந்த வாரம், வண்டி ஐடிலில் திணறித் திணறி அணைந்தது. மெக்கானிக் அண்ணன் ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை இன்டேக் மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்தினார். 'உஸ்'.

"கேஸ்கெட் போயிருக்கு தம்பி. வெளிக்காத்தை இழுக்குது. ஐடில் ஸ்க்ரூவை அரைச் சுத்து ஏத்துனா வாங்குறவருக்குத் தெரியாது."

ஆபீஸில் நானும் இதைத்தான் செய்கிறேன். எர்ரரைத் திருத்தாமல் கேட்ச் பிளாக்கில் விழுங்கவிடுவேன். பொய் சொல்வதில்லை; கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறேன். இரண்டும் வேறா?

கழற்றச் சொன்னேன். இந்த 1489 சிசி இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டவே அரை நாள் போனது. பரப்பு சுத்தமில்லாவிட்டால் எந்தப் பசையும் நிற்காது.

வாங்கியவர் பானட்டைத் திறக்கவேயில்லை. திறக்கமாட்டார் என்று முன்பே தெரிந்திருந்தால் கழற்றச் சொல்லியிருப்பேனா? இன்னும் தெரியல.