எண்ணப்படும் காகம்

திருவனந்தபுரத்தில் கர்க்கடக வாவு (ஆடி அமாவாசை) நாளில் சங்குமுகம் கடற்கரையிலும் திருவல்லம் பரசுராமர் கோயிலிலும் முன்னோருக்குப் பலிச்சோறு படைக்கிறார்கள். காகம் அந்தச் சோற்றை உண்டால் முன்னோர் ஏற்றுக்கொண்டார்கள் என்பது நம்பிக்கை. அதே காகம் பிப்ரவரியில் வீட்டுத் தோட்டங்களிலும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஓர் எண். 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில் இந்தியா 2013இல் சேர்ந்தது. குறைந்தது 15 நிமிடம் கவனித்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும்.

எண் உயிரைச் சுருக்கிவிடுகிறதா? அப்படிச் சொல்வது நியாயமல்ல. சடங்கில் காகம் மனிதருக்காக வருகிறது. பலாமரத்துச் செம்போத்தும் தேன்சிட்டும் யாருக்கும் தூதல்ல. எண்ணுபவர் அவற்றிடம் எதையும் வேண்டுவதுமில்லை. இதே திருவனந்தபுரத்தின் செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, எறும்புக்கும் தீங்கு நேராதபடி அருள் வேண்டி ‘அனுகம்பா தசகம்’ பாடினார். பயன் கருதாத இந்தக் கவனிப்பு அந்தக் கருணைக்கு மிக அருகில் நிற்கிறது. எண்ணுபவர்கள் காகத்தையும் விடாமல் குறிக்க வேண்டும்; எளிய பறவைகள் குறைந்தால் அதைக் காட்டுவது அந்தப் பதிவுதான்.