உட்காட்சியும் நற்காட்சியும்

நெடுநாள் விளங்காதிருந்த ஒன்று எதிர்பாராத ஒரு நொடியில் விளங்கிவிடுவது மனித வாழ்வில் எல்லோரும் அறிந்த அனுபவமே. அது ஒரு கணக்கின் விடையாக இருக்கலாம். நம் சொல்லால் ஒருவர் பல காலம் புண்பட்டு வந்திருக்கிறார் என்னும் உணர்வாக இருக்கலாம். இவ்வுடலும் இச்செல்வமும் நிலையா என்னும் பேருண்மையாகவும் இருக்கலாம். அத்தெளிவு வந்தவர் அதனைத் தம் பெரும்பேறாகக் கருதிப் போற்றுகிறார்; வாராதவர், தமக்கு ஏதோ குறை உண்டு என்று ஏங்குகிறார். இப்படிப்பட்ட திடீர்த் தெளிவின் மதிப்பு எதில் இருக்கிறது? அது வந்த வியப்பிலா? அல்லது வந்த பிறகு நம்மைக் கொண்டு அது செய்விக்கும் செயலிலா? அறவழியில் நிற்க விரும்பும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

உளவியலார் கண்டது

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் 'உட்காட்சி வழிக் கற்றல்' என்னும் பாடத்தைப் படித்திருப்பர். ஜெர்மானிய அறிஞர் கோலர் 1913 ஆம் ஆண்டு டெனரீப் தீவுக்குச் சென்று, சிம்பன்சிக் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வு அது. கூண்டுக்கு வெளியே பழம். உள்ளே இரண்டு கோல்கள். தனித்தனியே எந்தக் கோலும் பழத்தை எட்டாது. சுல்தான் என்னும் குரங்கு நெடுநேரம் முயன்று தோற்றது. பின்னர்க் கோல்களை வைத்து விளையாடிக் கொண்டிருக்கையில் ஒன்றன் முனை மற்றொன்றின் துளையில் பொருந்தியது. உடனே அது கம்பிகளை நோக்கி ஓடிப் பழத்தை இழுத்துக் கொண்டது.

கிரகாம் வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1926 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், புதிய எண்ணம் பிறப்பதற்கு நான்கு படிகள் கூறினார். முதலாவது ஆயத்தம், இரண்டாவது அடைகாத்தல், மூன்றாவது ஒளி தோன்றல், நான்காவது சரிபார்த்தல். நாம் வியந்து பேசுவதெல்லாம் மூன்றாம் படியை மட்டுமே. முன்னிரண்டும் பிறர் கண்ணில் படுவதில்லை. நான்காவதையோ பலர் மேற்கொள்வதே இல்லை.

பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே இதற்கு நல்ல சான்று. ஒரு கணிதச் சிக்கலில் பதினைந்து நாள்கள் உழைத்த பின், அதனை மறந்து ஒரு பயணத்தில் கலந்துகொண்டார். கூட்டான்ஸ் என்னும் ஊரில் வண்டியின் படியில் கால் வைத்த அந்நொடியில், அவர் தேடாத வேளையில், அரியதொரு தொடர்பு அவருக்கு விளங்கிற்று. அவர் அத்தோடு நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் அமர்ந்து, முறைப்படி சரிபார்த்தார். 1908 ஆம் ஆண்டு இதனை விவரித்தபோது இன்னொன்றையும் மறையாமல் கூறினார். இத்தகைய உறுதியான தெளிவு சில வேளைகளில் ஏமாற்றியதும் உண்டு. குறிப்பாகப் படுக்கையில், அரைத்தூக்கத்தில் தோன்றியவை அவ்வாறு பொய்த்தன என்றார்.

அண்மைக் கால ஆய்வுகளும் இவ்விரண்டையும் கூறுகின்றன. பளிச்சென்று தோன்றும் விடைகள் பெரும்பாலும் சரியாகவே அமைகின்றன. ஆனால், அந்தப் 'பளிச்' என்னும் உணர்ச்சியையே உண்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. 2020 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், சில கூற்றுகளைக் கொடுத்து, அவற்றில் ஒரு சொல்லின் எழுத்துகளை மட்டும் மாற்றிக் கலைத்து வைத்தனர். அச்சொல்லைத் திடீரெனக் கண்டுபிடித்து மகிழ்ந்தவர்கள் அந்தக் கூற்றையே உண்மை என்று மிகுதியாக நம்பினர். சொல்லைக் கண்டுபிடித்ததற்கும் கூற்று உண்மையாவதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சி உண்மையின் வேடம் பூண்டுகொண்டது. 'எனக்கு அப்படித் தோன்றிற்று, ஆகவே அது மெய்' என்று பேசுவோர் இதனை ஊன்றி நினைக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாயடியில்

உலகறிந்த திடீர்த் தெளிவுகளுள் என் உள்ளத்தை மிகவும் தொட்டது, ஹெலன் கெல்லர் அம்மையார் தம் ஏழாம் வயதை எட்டுமுன் பெற்றதாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880 ஆம் ஆண்டு பிறந்த அவர், 19 மாதக் குழந்தையாய் இருந்தபோது கண்ட நோயால் பார்வையையும் கேட்கும் திறனையும் இழந்தார். 1887 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் ஆனி சல்லிவன் என்னும் இருபது வயது ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்தார். பொருள்களைக் கையில் கொடுத்து, அவற்றின் பெயரை எழுத்தெழுத்தாகக் குழந்தையின் உள்ளங்கையில் விரலால் உணர்த்தினார்.

ஏப்ரல் 5 ஆம் நாள், குழாயிலிருந்து தண்ணீர் குழந்தையின் ஒரு கையில் பாய்ந்துகொண்டிருக்கையில், மறு கையில் 'தண்ணீர்' என்னும் சொல்லை ஆசிரியை எழுதினார். குழந்தை திகைத்து நின்றது. பொருளுக்கெல்லாம் பெயர் உண்டு என்பது அந்நொடியில் அதற்கு விளங்கியது. தரையைத் தொட்டு அதன் பெயர் கேட்டது. குழாயின் பெயர் கேட்டது. திரும்பி, கற்பிப்பவரின் பெயரையும் கேட்டது. சில மணி நேரத்தில் முப்பது புதிய சொற்களைக் கற்றுக்கொண்டது.

இதுவரை பலரும் அறிந்ததே. பலர் கவனியாதவை இரண்டு உண்டு. அந்நாளுக்கு முன்னரே அக்குழந்தை பதினெட்டுப் பெயர்ச்சொற்களை விரலால் எழுதப் பழகியிருந்தது என்று ஆசிரியையின் கடிதம் கூறுகிறது. அப்பட்டியலில் 'தண்ணீர்' என்னும் சொல்லும் இருந்தது. கை அறிந்திருந்ததை உள்ளம் அறியவில்லை. முப்பத்து மூன்று நாள் பொறுமையுடன் விதைத்த விதை அன்று முளைத்தது. அந்நாள்களில் எந்த நாளிலும், இது வீண் என்று ஆசிரியை எழுந்து சென்றிருக்கலாம். செல்லவில்லை.

இரண்டாவதே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அன்று குழாயடிக்குப் போகுமுன், பாடத்தில் எரிச்சலுற்ற குழந்தை தன் பொம்மையைத் தரையில் எறிந்து உடைத்திருந்தது. அப்போது அதற்கு வருத்தம் சிறிதும் தோன்றவில்லை. தண்ணீர் விளங்கிய பின் வீட்டுக்குள் நுழைந்ததும், உடைந்த பொம்மையின் நினைவு வந்தது. தடவிச் சென்று துண்டுகளை எடுத்து ஒட்டவைக்க முயன்றது, இயலவில்லை, கண்ணீர் பெருகிற்று. கழிவிரக்கம் என்பதை வாழ்வில் முதன்முறையாக அன்றுதான் உணர்ந்ததாக அம்மையாரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஒரு சொல்லின் பொருள் விளங்கியதற்கும் பொம்மைக்காக அழுததற்கும் என்ன தொடர்பு? தனக்கு வெளியே உலகம் ஒன்று உண்டு, அதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பு உண்டு என்று கண்ட அக்கணமே, தான் அவ்வுலகிற்கு இழைத்த தீங்கும் கண்ணில் பட்டது. உண்மையான தெளிவுக்கு இதனைவிடச் சிறந்த அடையாளம் இல்லை என்பேன். அது முதலில் நாம் உடைத்ததை நமக்குக் காட்டும்.

நம் ஆகமம் கூறும் அளவு

உளவியலார் உட்காட்சி என்பதை அறிந்தோம். நம் முன்னோர் நற்காட்சி என்பதை ஆராய்ந்தனர். இரண்டும் ஒன்றல்ல, முன்னது அறிவின் நிகழ்ச்சி, பின்னது உயிரின் நிலைமாற்றம். எனினும் ஒன்றை அறிய மற்றொன்று துணை செய்யும்.

நற்காட்சி இயல்பாகவும் தோன்றும், பிறர் அறிவுறுத்தலாலும் தோன்றும் என்று தத்துவார்த்த சூத்திரம் இருவகை கூறுகிறது. இயல்பாகத் தோன்றுவதற்கும் முற்பிறவியின் பயிற்சி அடிப்படையாக நிற்பதுண்டு. நற்காட்சிக்கு முன் வாய்க்க வேண்டிய ஐந்து லப்திகளை நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. அவற்றுள் தேசனை என்பது அறவுரை கிடைத்தல். முதல் நான்கும் பலமுறை வாய்த்தும் ஐந்தாவதாகிய கரணம் வாய்க்காமல் போவதுண்டு என்பது அந்நூல்களின் துணிபு. ஆசிரியர் செய்யக்கூடியது தேசனை மட்டுமே. கற்பவரின் உள்ளே நிகழ வேண்டியதை அவர் நிகழ்த்திவிட முடியாது.

முதன்முதலாக எய்தும் உபசம நற்காட்சி எத்துணை நேரம் நிற்கும்? அந்தர்முகூர்த்தம் மட்டுமே. முகூர்த்தமாவது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதற்கும் உட்பட்ட நேரம். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை இட்டால் சேறு அடியில் படிந்து நீர் தெளியும். ஆனால் சேறு பாத்திரத்தை விட்டு அகலவில்லை. அசைத்தால் மீண்டும் கலங்கும். இவ்வுவமையைக் கூறிய உரையாசிரியர்கள் மனித மனத்தை எவ்வளவு நன்கு அறிந்திருந்தனர்! தெளிவு வந்தது மெய். அது நிலைத்துவிடவில்லை என்பதும் மெய். ஆயினும், ஒருமுறை நற்காட்சி எய்திய உயிர், இடையில் அதனை இழந்தாலும், என்றேனும் வீடுபேறு அடைந்தே தீரும் என்பதும் ஆகமத்தின் உறுதிமொழி. ஆகவே இழந்தவர் மனம் தளர வேண்டுவதில்லை. பெற்றவர் இறுமாக்கவும் வேண்டுவதில்லை.

ஸ்ரீபுராணத்தில் நாம் படிக்கும் நீலாஞ்சனையின் வரலாற்றை நினைவு கூர்வோம். விருஷப தேவரின் அவையில் ஆடிக்கொண்டிருந்த அவளது ஆயுள் ஆட்டத்தின் நடுவே முடிந்தது. இந்திரன் இமைப்பொழுதில் அவளைப் போன்ற வேறொருத்தியைத் தோற்றுவித்தான். அவையோர் எவரும் வேறுபாடு காணவில்லை. பகவான் ஒருவரே கண்டார். எல்லோர் கண்ணெதிரிலும் நிகழ்ந்தது ஒரே நிகழ்ச்சிதான். கண்டவர் அதனை வியந்து பேசிக்கொண்டு அரியணையிலேயே அமர்ந்திருக்கவில்லை. மக்களிடம் நாட்டை ஒப்படைத்துத் துறவு பூண்டார். அதன் பிறகும் உடனே முழுதுணர் ஞானம் கிட்டிவிடவில்லை. ஆயிரம் ஆண்டுத் தவம் வேண்டியிருந்தது. காட்சி கணத்தில் வந்தது. ஒழுக்கம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. மும்மணிகள் மூன்றாக இருப்பதன் காரணம் இதுவே. காட்சி ஒன்றே போதுமாயின் ஞானமும் ஒழுக்கமும் எதற்கு?

நம் கடமை

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, தெளிவு இன்னும் வராதவரை இகழக் கூடாது. கடன் வாங்கிக் கழித்தலைக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் இதனை அறிவார். பக்கத்து இடத்திலிருந்து வாங்கிய ஒன்று இங்கே பத்தாவது ஏன் என்பது ஒரு பிள்ளைக்கு முதல் நாளே விளங்கும். மற்றொரு பிள்ளை ஆண்டு முழுதும் விளங்காமலேயே சரியாகச் செய்துகொண்டு வரும். ஒருநாள் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைக்கையில் அதன் முகம் மலரும். பிந்தி வந்ததனால் அவ்வறிவு தாழ்ந்ததாகாது. 'மண்டையில் ஏறாது' என்று நாம் சொல்லும் ஒரு சொல், அக்கணம் வாராமலேயே செய்துவிடக் கூடும். பிறர் அறிவின் கதவை நம் சொல்லால் அடைப்பதும் இம்சையே.

இரண்டாவது, நமக்கு வந்த தெளிவை ஆராயாமல் பிறர்மேல் சுமத்தக் கூடாது. அநேகாந்தத்தைப் போற்றும் நாம், நமக்குத் தோன்றியது ஒரு பக்கமே என்று கொள்வது முறை.

மூன்றாவதே தலையாயது. முனிவர் அறவுரையைக் கேட்டு உள்ளம் உருகிக் கண்ணீர் மல்க நிற்கிறோம். வாழ்வே மாறிவிட்டதாகத் தோன்றுகிறது. வீடு திரும்பியதும், பாத்திரத்தைத் தவறவிட்ட பணிப்பெண்ணைக் கடுஞ்சொல்லால் சுடுகிறோம். ஜினாலயத்தில் தோன்றிய உருக்கம் பொய் என்று கூறமாட்டேன். தேற்றாங்கொட்டை இட்ட நீர் அது. சேற்றை அகற்றும் வேலை இனிமேல்தான். கடிந்த பெண்ணிடம் இன்சொல் கூறுவது, தம்பிக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுத்துவிடுவது, பேச்சற்றுப்போன உறவினர் வீட்டுப் படியேறுவது ஆகிய சிறு செயல்களால்தான் அது நிறைவேறும். இவற்றுள் எதற்கும் மின்னல் வேண்டியதில்லை. உடைந்த துண்டுகள் எங்கே கிடக்கின்றன என்று தேடும் மனம் இருந்தால் போதும்.

இல்லறத்தார் சாமாயிகம் புரிய வேண்டிய குறைந்த அளவு நேரமும் இரண்டு நாழிகையே. அவ்வேளையில் ஒளி ஏதும் தோன்றவில்லையே என்று வருந்த வேண்டா. 'முன்னர் எனக்கு விளங்கியவற்றுள் எதனை இன்னும் செய்யாமல் வைத்திருக்கிறேன்?' என்று அமைதியாக வினவிக்கொள்வோம். விடை கிடைத்ததும் எழுந்து சென்று அதனைச் செய்வோமாக.