சார்ந்ததன் வண்ணம்

மனிதருடைய குணம் பிறவியோடு வந்ததா, சூழலால் அமைந்ததா என்பது பழைய வினா. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சைவசித்தாந்தம் தரும் விடை. பல நிறப் பொருள்களின் அருகே வைத்த பளிங்கு அவ்வந்நிறமாகத் தோன்றுவதை அதற்கு உவமையாகக் கூறுவர் பெரியோர். உயிர் வேறு, மூளை வேறு. ஆயினும் மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் விஞ்ஞானிகளும் இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர்.

டர்ஹான் கான்லி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அச்சமுற்ற முகங்களைக் கண்டபோது அமிக்டலா என்னும் மூளைப்பகுதி பொதுவாக எல்லோரிடமும் கிளர்ந்தது. சிரித்த முகங்களைக் கண்டபோதோ, கலகலப்பாகப் பழகும் இயல்பினரிடமே கூடுதலாகக் கிளர்ந்தது. ஆகவே ஒருவருக்கென்று ஓர் இயல்பு உண்டு.

ஆனால் இயல்பு மட்டுமே முடிவு செய்வதில்லை. ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மணமான பெண்கள் 16 பேருக்குச் சிறு மின்னதிர்ச்சி வரலாம் என்று முன்னறிவித்து, அவர்களது மூளை படம்பிடிக்கப்பட்டது. தனியே இருந்தபோது ஆபத்தை எதிர்கொள்ளும் பகுதிகள் மிகுதியாக இயங்கின. அந்நியர் ஒருவர் கையைப் பற்றியபோது சிறிது தணிந்தன; கணவர் கையைப் பற்றியபோது மேலும் தணிந்தன. இல்லறம் இனிதாக இருந்தவர்களிடம் அத்தணிவு இன்னும் மிகுந்தது.

திருகோணமலைக் கரையோர மக்களுக்கு இது தொலைவான செய்தியன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2006இல் சம்பூர், மூதூர்ப் பகுதிகளில் ஊர்களே இடம்பெயர்ந்தன. அன்று தொட்டுப் பேச்சுக் குறைந்தவர், கடற்கரைக்குப் போகாதவர், திருவிழாவில் வெடிச்சத்தம் கேட்டதும் எழுந்து போகிறவர் என்று சிலர் ஊரில் இருப்பர். “அவருடைய சுபாவம் அப்படி” என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. அந்த நடுக்கத்தில் ஒரு பங்கு, பற்றிக்கொள்ளத் தெரிந்த கையொன்று அருகில் இல்லாமையாலும் இருக்கலாம். அப்பங்கு அவருடைய குறையன்று, ஊரின் குறை.

அதற்காக, ஒதுங்கியிருக்கும் இயல்பினரைக் கூட்டத்துள் இழுத்து வருவதும் அன்பாகாது. அன்னதானப் பந்தியில் அவர் பக்கத்தில் ஒருவர் பேசாமல் அமர்ந்து உண்டாலே போதும்.

அடியார் கூட்டத்தைச் சார வேண்டும் என்று எல்லோரும் விரும்புவர். தாமும் பிறர் சாரும் பொருள் என்பதை மறந்துவிடுவர். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குச் சூழல். அதை உணர்ந்து வாழக் கோணேசப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.