தெரிந்தும் சொல்லாவிட்டால்..?

கடைசியாக ஒரு மனிதரை அவர் முகத்துக்கு நேராக எப்போது பாராட்டினீர்கள்?

அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை... இரங்கல் கூட்டத்தில் பேசியதையும், மாலை போட்டுவிட்டுத் தெருமுனையில் நின்று பேசியதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது!

விரல் விட்டு எண்ணிவிடலாம், இல்லையா? ‘மனுஷன் தங்கமய்யா’ என்கிற ஒரு வார்த்தை. அதை அந்தத் தங்கத்தின் காதில் மட்டும் விழாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்து, அவர் கண்ணை மூடியதும் ஊர் கூடிச் சொல்கிறோம். ஏன் இப்படி? ஓவியர் சங்கரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் கிளம்பிவிடுகிறது.

யார் சங்கர் என்கிறீர்களா? பேர் தெரியாவிட்டாலும் அவர் போட்ட படம் உங்களுக்குத் தெரியும். நடுராத்திரி. சுடுகாடு. கையில் உருவிய வாள், தோளில் பிணம், கொஞ்சமும் அசராமல் நடக்கிற ராஜா. ‘அம்புலிமாமா’வில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் நம் கண்ணில் பதித்தவர் அவர்தான்.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அம்புலிமாமா வந்தால் அது தெருவுக்கே வந்த மாதிரி. கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கித்தான் வீடு திரும்பும். நானும் அப்படி வந்த புத்தகத்தில் அவரைப் பார்த்தவன்தான். கதையைப் படிக்கிறதுக்கு முன்னாலேயே படத்தைத் தின்றுவிடுவோம். ராஜா கழுத்து மாலை, அரண்மனைத் தூணின் வேலைப்பாடு, கிழவியின் கூன், மரப்பொந்தின் இருட்டு... எதிலும் அவசரமாக இழுத்த கோடு இருக்காது. எழுத்துக்கூட்டத் தெரியாத பொடிசுகள்கூட படத்தைப் பார்த்தே கதை சொல்லும்.

கே.சி.சிவசங்கரன் என்பது முழுப்பெயர். 1924-ல் தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சென்னையில், தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, 1946-ல் ‘கலைமகள்’ பத்திரிகையில் சேர்ந்தார். 1952-ல் ‘அம்புலிமாமா’வுக்குப் போனார். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ல் தொடங்கிய பத்திரிகை அது. பத்து வருஷமில்லை, இருபது வருஷமில்லை... 2010-களின் தொடக்கத்தில் அது அச்சில் நின்றுபோகிற வரைக்கும், கிட்டத்தட்ட 60 வருஷம் அங்கே வரைந்தார்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூலக்கதையில் வேதாளம் சொல்வது 25 கதைகள்தான். மாதம் ஒன்று என்று போட்டால் ரெண்டு வருஷத்தில் தீர்ந்துவிடும். பத்திரிகைக்காரர்கள் விடவில்லை. புதுசு புதுசாகக் கதை கட்டி நூற்றுக்கணக்கில் போட்டார்கள். மாதாமாதம் வேதாளம் முருங்கை மரம் ஏறும். ராஜா சலிக்காமல் திரும்பிப் போவார். சங்கரும் சலிக்காமல் திரும்ப வரைய உட்காருவார். எழுத்து மொழிக்கு மொழி மாறும், படம் மாறாது. தமிழ்ப் பையனும் தெலுங்குப் பையனும் ஒரியாப் பையனும் பார்த்தது ஒரே ராஜாவைத்தான்.

2020 செப்டம்பர் 29 அன்று, 96 வயதில் சங்கர் காலமானார். 2021 ஜனவரியில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

நாலே மாதம்! நன்றாகக் கவனியுங்கள், 96 வருஷம் வாழ்ந்த மனிதருக்கு நாலு மாதம் தாமதம்.

அவரைத் தேடிப்போய்ப் பார்த்த ரசிகர்கள் உண்டு, பேட்டி எடுத்த பத்திரிகைகள் உண்டு. விருதும் தகுதியானதுதான், யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால், இறந்தவருக்குச் செய்கிற மரியாதை யாருக்குப் போய்ச் சேர்கிறது? குடும்பத்துக்கு ஆறுதல். பென்சில் பிடிக்கிற பிள்ளைகளுக்குத் தெம்பு. கொடுத்த நமக்கு மனநிம்மதி. எல்லாருக்கும் பங்கு கிடைக்கிறது, அவர் ஒருவரைத் தவிர.

‘கலைஞனுக்கு வேலையே சந்தோஷம் சார், பாராட்டு எதுக்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்கு எங்கள் கரையோரத்துப் பெரியபட்டினம் வரை ஒரு எட்டு போய்வரலாம், வாங்க.

இன்றைக்கு மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி அமைதியாக இருக்கிற ஊர். ஒரு காலத்தில் கடல்கடந்த வணிகம் நடந்த துறைமுகம். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது, 13, 14-ம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பூ வேலை செய்த ஓடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்கிறான் என்று வையுங்கள்...

‘‘காக்கா, இந்தப் பூவை யாரு போட்டது?’’

‘‘சீனாக்காரன்ப்பா.’’

‘‘அவன் பேரு?’’

காக்காவிடம் பதில் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை. 700 வருஷமாகப் பூ இருக்கிறது, போட்டவன் பேர் இல்லை. ஆனாலும் அந்தப் பூ நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. ஆக, வேலை நிற்பதற்குப் பாராட்டு தேவையில்லைதான்.

ஆனால், வேலைக்குத் தேவையில்லை என்பதால் மனிதனுக்கும் தேவையில்லை என்று ஆகிவிடுமா? அந்தச் சீனத்துத் தொழிலாளியின் பேரைக் காலம் அழித்தது. அதற்கு நாம் பொறுப்பில்லை. நம்மோடு அதே ஊரில், அதே காலத்தில், படத்தின் ஓரத்தில் கையெழுத்தும் போட்டுக்கொண்டு ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் ‘உங்களால் என் பிள்ளைப் பருவம் நன்றாக இருந்தது’ என்று சொல்லாமல் இருந்தால், அதற்குக் காலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. மறதி காலத்தின் வேலை. மௌனம் நம் வேலை.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறோம்? ‘ஐஸ் வைக்கிறான்னு நினைச்சுடுவாரு’ என்று கூச்சம். ‘தலைக்கனம் வந்துடும்’ என்று பயம். ‘கண்ணு பட்டுடும்’ என்று சாக்கு. இத்தனைக்கும் நடுவில் உண்மையான காரணம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘அவர் எங்கே போகப் போறாரு, அப்புறம் சொல்லிக்கலாம்!’

வேதாளத்தின் கணக்கு வேறு. பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து, பட்ட பாடெல்லாம் வீணாகி, மறுபடி முருங்கை மரத்துக்கு நடக்க வேண்டும். சொன்னாலும் நஷ்டம், சொல்லாவிட்டாலும் நஷ்டம். அப்படியும் ராஜா ஒவ்வொரு முறையும் சொன்னார். நமக்கோ சொன்னால் ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லாவிட்டாலும் தலை வெடிக்காது... அந்தத் தைரியத்தில்தான் சும்மா இருக்கிறோம்.

உங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர் இன்னும் இருக்கிறாரா? நீச்சல் பழக்கிவிட்ட மாமா? கஷ்டகாலத்தில் கடன் கொடுத்துவிட்டு ஒரு நாளும் சொல்லிக் காட்டாத பெட்டிக்கடை அண்ணாச்சி? இந்த இதழை மடித்து வைத்துவிட்டு ஒரு போன் போடுங்கள். ‘என்னப்பா திடீர்னு?’ என்று அவர் சந்தேகமாகத்தான் கேட்பார். கேட்கட்டும்.

கேட்பதற்கு அவர் இருக்கிறாரே!