அடித்துத்தான் பழக்க வேண்டுமா?

நாயை வைரவரின் வாகனம் என்கிறோம். வீட்டு நாயை மட்டும் அடித்துத்தான் பழக்க வேண்டுமா?

வேலையால் வந்ததும், அது எப்போதோ கடித்த செருப்பைக் காட்டி அதட்டுகிறோம். நாய் தலை குனிகிறது. “செய்த பிழை தெரிகிறது” என்கிறோம். ஆனால் பிழை செய்யாத நாயும் அதட்டினால் அப்படியே குனியும் என்பதை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸின் 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நாம் காண்பது குற்றவுணர்வு அல்ல, எமது கோபத்துக்கு அது காட்டும் பணிவே.

மகாபாரத ஆதிபருவத்தில், வேள்விச்சாலையில் ஒரு பிழையும் செய்யாத நாய்க்குட்டியை ஜனமேஜயனின் தம்பிமார் அடிக்கிறார்கள். தாய் சரமை வந்து காரணம் கேட்கிறாள். அவர்களிடம் பதில் இல்லை.

ஏனென்று அறியாத உயிரைத் தண்டிப்பது நீதியாகாது. நல்லது செய்த அக்கணமே சிறு தீனி கொடுத்துத் தடவிவிடுவோம். நாய் விரும்பிக் கற்கும். எமது பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கற்பார்கள்.