ஓலை சபைக்கு வந்த நாள்



சுந்தரமூர்த்தி நாயனார் கதை உங்களுக்குப் புதுசு இல்லை. புத்தூரில் கல்யாணப் பந்தல். நம்பியாரூரர் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கிழ வேதியர் உள்ளே வருகிறார். "இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். ஆரூரருக்குக் கோபம். பித்துப் பிடித்த கிழவன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். கிழவர் விடவில்லை. கிழிந்தது படிதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி, வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டு போகிறார்.

வந்தவர் சிவபெருமான் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அந்த ஓலையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு மட்டும் ஓலைதான் மனசில் நிற்கும். ஏன்னா எங்க வீட்டுக்கும் ஒரு ஓலை வந்துச்சு. அப்போ எனக்கு வயசு 13.

1999ஆம் வருஷம். கிள்ளானில் ஒரு மலிவு விலை வீடு. அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் படிவம் 1, தங்கை தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஒரு நாள் மத்தியானம் பேங்கிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அம்மாவுக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாங்க. நானும் பெரிய மனுஷன் மாதிரி சத்தமா வாசிச்சேன். 'பெஞ்சாமின்' என்று ஒரு வார்த்தை மூன்று இடத்தில் வந்தது.

"யாருடா அந்தப் பெஞ்சாமின்?"னு அம்மா கேட்டாங்க. வேறு யாரோ ஒருத்தர் கடிதம் மாறி வந்துடுச்சுன்னு நினைச்சிருக்காங்க.

அகராதியைப் பார்த்தேன். பெஞ்சாமின் என்றால் ஜாமீன் நிற்பவர். பக்கத்தில் அப்பா பேரும் ஐ.சி. நம்பரும் இருந்தது.

விஷயம் இதுதான். சித்தப்பா 1996இல் ஒரு பழைய லோரியைக் கடனில் வாங்கி, கட்டுமான இடங்களுக்கு மணலும் செங்கலும் ஏத்திக்கிட்டிருந்தாரு. அடுத்த வருஷம் நெருக்கடி வந்து ரிங்கிட் சரிந்தது. 1998இல் பேங்க் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது, கட்டுமான வேலைகள் பாதியில் நின்றன. அந்த செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் நிர்ணயித்ததை நீங்கள் எங்கேயாவது படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது லோரியாக வந்து சேர்ந்தது. லோரியை இழுத்துட்டுப் போய் ஏலம் விட்டாங்க. மிச்சக் கடன், வட்டி, வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து 26,000 வெள்ளி. சித்தப்பா ஜொகூர் பக்கம் போயிட்டாரு, தகவலே இல்லை.

அப்பா ராத்திரி வந்ததும் அம்மா கடிதத்தை மேசையில் வச்சாங்க. சண்டை போடல. "மூணு வருஷமா ஒரு நாள்கூடச் சொல்லணும்னு தோணலையா?"னு மட்டும் கேட்டாங்க. அப்பாகிட்ட பதில் இல்லை. எனக்குத்தான் கோபம் தாங்கல. "சித்தப்பா வாங்குன கடனை நாம ஏன்பா கட்டணும்?"னு கத்தினேன்.

"வாங்குனது அவன்தான். கையெழுத்து என்னுது."

இப்போ சபைக்குத் திரும்பி வாங்க. திருவெண்ணெய்நல்லூர்ப் பெரியவர்கள் கிழவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. ஆரூரரின் பாட்டனார் வேறு சமயத்தில் எழுதிய கைச்சாத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறது. தீர்ப்பு ஆரூரருக்கு எதிராகப் போகிறது. ஓலையைக் கிழித்துப் போட்ட அதே மனிதர், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் கிழவர் பின்னால் நடக்கிறார்.

இறைவன் நினைத்திருந்தால் ஆரூரரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஓலை எல்லார் முன்னாலும் வாசிக்கப்படுகிறது. அதன் பிறகுதான் ஆட்கொள்கிறான். அந்தக் கல்யாணப் பெண்ணை நாம் பிரசங்கத்தில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சேக்கிழார் மறக்கவில்லை, ஆரூரரையே நினைந்திருந்து அவள் சிவலோகம் சேர்ந்ததையும் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். ஓலையில் அவள் கையெழுத்து இல்லை. பாரம் அவளுக்கும் வந்தது. எங்க அம்மாவை நினைக்காமல் என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடிந்ததில்லை.

பேங்கில் போய்ப் பேசி, மாசம் 350 வெள்ளி, எட்டு வருஷம் என்று முடிவாச்சு. அப்பாவுக்கு ஓவர்டைம் சேர்த்து 1,150 வெள்ளி வரும். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க: சம்பளம் வந்த ஞாயித்துக்கிழமை நாலு பேரும் மேசையில உட்காரணும், தங்கச்சி உட்பட. மளிகைக் கடையில் விற்குமே, சின்ன 555 புத்தகம், அதில் முதல் வரி எப்பவும் பேங்க். அப்புறம் வீட்டுத் தவணை, கரண்டு, தண்ணி, அரிசி. தங்கச்சிக்கு எட்டு, ஒன்பது வயசிலேயே வட்டின்னா என்னான்னு தெரியும்.

அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. 1,500 வெள்ளிக்கு மாசம் 2 விழுக்காடு, அதாவது 30 வெள்ளி, ஆறு மாசத்துக்குள்ள மீட்கணும், இல்லேன்னா வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கணும். தாலி மஞ்சள் கயித்துக்கு மாறிடுச்சு. அம்மா விடியக்காலையில் நாலு மணிக்கு எழுந்து நாசி லெமாக் கட்டி, பக்கத்து ஃபேக்டரி வாசலில் விற்க ஆரம்பிச்சாங்க. நான் பஸ்ஸை நிறுத்திட்டு சைக்கிளுக்கு மாறினேன். முதல் தீபாவளிக்குத் தங்கச்சிக்கு மட்டும் புதுச்சட்டை. கூட்டாளிங்க கேட்டப்போ, பாட்டி வீட்டுல துக்கம்னு பொய் சொன்னேன். பாட்டி அப்போ நல்லாத்தான் இருந்தாங்க. இன்னும் அது எனக்கு உறுத்தும்.

ரெண்டாவது வருஷம் அப்பா பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன்னு சொன்னாரு. மேளம், அலங்காரம், கூட வர்ற ஆளுங்களுக்குச் சாப்பாடு, எல்லாம் கூட்டாளி ஒருத்தர் கடனாத் தர்றதாச் சொன்னாராம். அம்மா கேட்டாங்க: "அந்தக் கடனையும் முருகன் தலையிலதான் கட்டப் போறீங்களா?" அந்த வருஷம் ஒரு பால்குடத்தோட 272 படி ஏறினாரு. குறை ஒன்னும் வந்த மாதிரி தெரியல. நம்ம பிள்ளைகள் சில பேர் தவணையில் காவடி கட்டுவதைப் பார்க்கும்போது இதைச் சொல்லத் தோன்றும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆலோங்கிடம் வாங்கி ஒரேயடியா அடைச்சிடலாம்னு யோசனை சொன்னவங்களும் இருந்தாங்க. அப்பா அதுக்குத் திருவீழிமிழலையைத்தான் சொல்லுவாரு. ஊரில் பஞ்சம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஆளுக்கு ஒரு காசு தருகிறான், அடியார்களுக்குச் சோறு போட. அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசுக்குக் கடைவீதியில் வட்டம் கேட்கிறார்கள், அதாவது கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் அரிசி தருகிறார்கள். அப்பர் காசுக்குக் கழிவே இல்லை, ஏனென்றால் அவர் உழவாரம் பிடித்து உடம்பு வருத்தித் தொண்டு செய்கிறவர். சாமி கொடுத்த காசுக்கே கடைக்காரன் வட்டம் பிடிச்சிருக்கான், ஆலோங் காசு என்னா ஆகும்னு அப்பா சிரிப்பாரு. அம்மா கொண்டு வந்த வெள்ளி நோட்டுல சம்பல் வாசம் அடிக்கும். அதை அப்படியே எடுத்துட்டுப் போய் பேங்கில கட்டுவோம்.

அப்பா செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்லவில்லை. தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டதில் பாசம் இருக்கிறது. வீட்டில் சொல்லாமல் போட்டதற்குப் பாசம் என்று பேர் கிடையாது. உங்களில் சில பேர் கைப்பேசியில் "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" என்று நாலைந்து இடத்தில் பாக்கி வைத்திருக்கிறீர்கள். முகாமுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் சொல்கிறார்கள், அம்மாவிடம் சொல்வதில்லை. முதலில் வீட்டு மேசைக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் தீராவிட்டால் ஏ.கே.பி.கே. இருக்கிறது; பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு இல்லை. எங்கள் காலத்தில் அது கிடையாது. ஜாமீன் விஷயத்தில், 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, லாபம் பார்க்காமல் ஒருவருடைய படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடன் கடன்தான், கேட்டு வருவார்கள். சித்தப்பாவின் லோரி மாதிரி வியாபாரக் கடனுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

2004இல் பாட்டி தவறினாங்க. கருமாதி அன்னைக்குச் சித்தப்பா வந்தாரு. உள்ள வராம கேட்டுக்கு வெளியில நின்னாரு, ஆள் பாதியா இளைச்சிருந்தாரு. எல்லாரும் அப்பா மூஞ்சைப் பார்த்தாங்க. நானும்தான், ரெண்டு அறை விட்டா நல்லாருக்கும்னு அப்போ நினைச்சேன். அப்பா போய் கேட்டைத் திறந்து, "பசியாறிட்டியா?"ன்னாரு. அவ்வளவுதான். சித்தப்பா அதுக்கப்புறம் மாசம் 50, 100னு முடிஞ்சதைக் கொண்டு வந்து கொடுத்தாரு. 555 புத்தகத்தில் அவருக்குத் தனிப் பக்கம். அம்மா இன்னிக்கு வரைக்கும் அவருக்குக் காபி போட்டுக் கொடுப்பாங்க, உட்கார்ந்து பேச மாட்டாங்க. அவங்களுக்கு அதுக்கு உரிமை இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

2007இல் கடைசித் தவணை. அப்பா ரசீதைக் கொண்டு வந்து சாமி மேடையில் வைத்து, விபூதி பூசிக்கிட்டு மேசைக்கு வந்தாரு. நாலு பேரும் உட்கார்ந்தோம். அம்மா புத்தகத்தைப் பிரிச்சு முதல் வரியில் கோடு போட்டாங்க. அப்புறம் பேனாவை மூடாம அப்பாவை நிமிர்ந்து பார்த்தாங்க.

"வேற ஏதாச்சும் இருக்கா?"

அப்பா தலையைச் சொறிஞ்சாரு. "இருக்கு. மூலைக்கடை ரொட்டி சானாய்க்காரர்கிட்ட 12 வெள்ளி 40 காசு."

அம்மா அதையும் எழுதினாங்க.