நாணயத்தின் நாணயம்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். சொல்லிலும் செயலிலும் மனிதன் காக்கும் நேர்மையும் நாணயம். காசை எடை போடலாம், உரசிப் பார்க்கலாம். மனிதனின் நேர்மையை எவ்வாறு அளப்பது? அதைக் குறித்து நாள்தோறும் தீர்ப்புக் கூறும் நாம், காசைத் தரம் பார்ப்பவர் காட்டும் பொறுமையையேனும் காட்டுகிறோமா? இக்கேள்வியை எண்ணிப் பார்க்க அமெரிக்க நாட்டுச் சிறு காசு ஒன்று நமக்கு உதவும்.

அந்நாட்டின் ஐந்து சென்ட் காசை மக்கள் ‘நிக்கல்’ என்றே அழைப்பர். ஆயினும், 1942 முதல் 1945 வரையிலான போர்க்காலக் காசுகள் சில நீங்கலாக, அதில் நிக்கல் 25 விழுக்காடே; எஞ்சிய 75 விழுக்காடும் செம்பு. பெயரைக் கொண்டு பொருளை முடிவு செய்யலாகாது என்பதை அக்காசே உணர்த்துகிறது. 1913 முதல் 1938 வரை, ஒருபுறம் பழங்குடி மனிதரின் முகத்தையும் மறுபுறம் காட்டெருமையையும் தாங்கிய நிக்கல்கள் வெளிவந்தன. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் என்னும் சிற்பி உருவாக்கிய வடிவம் அது. பழங்காசு சேகரிப்போர் இவற்றின் தரத்தை 1 முதல் 70 வரையுள்ள எண்களால் குறிப்பர். ஓர் எண் கூடினால் விலை பன்மடங்காவதும் உண்டு. ஆகவே தேர்ந்தவர் எவரும் அவசரப்படுவதில்லை. அவர் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்.

இக்காசு எவ்வளவு தேய்ந்தது என்பது முதற்கேள்வி. காட்டெருமையின் கொம்பு தெளிவாக இல்லையெனில், பலர் கைபட்டுத் தேய்ந்த காசு என்றே தோன்றும். ஆனால் 1920-களில் டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்ட காசுகள் பலவற்றில் அச்சு ஆழமாகப் பதியவே இல்லை. ஒருநாளும் சந்தையைக் காணாத காசிலும் கொம்பு மங்கியிருக்கும். எனவே தேர்ந்தவர் காசை விளக்கொளியில் மெல்லச் சாய்த்துத் திருப்புகிறார். தேயாத பரப்பின்மீது ஒளி சக்கரம்போல் சுழன்றோடும். தேய்ந்த மேட்டில் அந்த ஓட்டம் அறுபட்டு நின்றுவிடும். கெட்டுப்போனதும் முதலிலேயே முழுமையாக உருப்பெறாததும் ஒன்றல்ல என்று ஒளி காட்டிக்கொடுக்கிறது.

இது எந்த வகை என்பது இரண்டாம் கேள்வி. 1937-இல் டென்வர் சாலையில் அச்சு ஒன்றிலிருந்த தழும்பைப் போக்க அதனை அளவுமீறித் தேய்த்துவிட்டார்கள்; அதனால் காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்தது. ‘மூன்றுகால் எருமை’ எனப்படும் அக்காசுக்கு இன்று விலை மிகுதி. அதற்கு ஆசைப்பட்டுச் சாதாரணக் காசின் காலைச் சுரண்டி எடுத்து ஏமாற்றுவோரும் உளர். ஆகவே கால் இல்லாததை மட்டும் பார்த்தால் போதாது. உண்மைக் காசில் வயிற்றின் கீழிருந்து தரை நோக்கிச் சிறு புள்ளிகள் வரிசையாக இறங்கும். பின்னங்காலும் அரித்ததுபோல் இருக்கும். ஒரு குறையின் உண்மையைச் சுற்றியுள்ள அடையாளங்களே சொல்கின்றன.

மேலே படிந்திருப்பது என்ன என்பது மூன்றாம் கேள்வி. பல்லாண்டுகள் காகித உறையிலோ அட்டையிலோ கிடந்த காசின்மீது, அவற்றிலுள்ள கந்தகம் இளநீலமும் பொன்னிறமும் சாம்பலுமாய் நிறம் படியச் செய்கிறது. அறியாதவர் அதை அழுக்கென்று தேய்த்துக் கழுவி, நிறத்தோடு இயல்பான ஒளியையும் போக்கிவிடுகிறார். சூட்டினாலும் மருந்தினாலும் பொய்நிறம் ஏற்றி அழகு காட்டுவோரும் இருக்கின்றனர். நிறம் குற்றமுமன்று, நற்சான்றுமன்று. அதன் அடியில் உள்ளதைக் காண வேண்டும்.

இனி நம்மைப் பார்ப்போம். குடிக்கு அடிமையானவன், கணவனைப் பிரிந்து வாழும் பெண், கோவில் பக்கம் வராத இளைஞன் ஆகியோரைப் பற்றி நாம் தரும் தீர்ப்பில் இம்மூன்று கேள்விகளில் ஒன்றேனும் உண்டா? இளமையில் அன்பு ஆழமாகப் பதியாத உள்ளத்தைக் கெட்டுப்போன உள்ளம் என்கிறோம். துயரம் படிந்த முகத்தைக் கர்வம் படிந்த முகம் என்கிறோம். அறியாமை, அச்சம், பழக்கம் முதலியன ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும், சில வேளை நீக்கவும் கூடும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1735) கற்பிக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லித் தீமையைத் தீமை என்னாமல் விடுவதா என்று சிலர் கேட்கலாம். அல்ல. இரக்கப்பட்டுத் தேய்ந்த காசுக்கு உயர்ந்த எண் கொடுப்பவர் நேர்மையானவர் அல்லர். அநீதியை அநீதி என்றே சொல்ல வேண்டும். ஆனால் உண்மை தெளிவாகாத இடத்தில் என்ன செய்வது? இங்கேதான் காசும் மனிதனும் பிரிகின்றனர்.

புனித தோமா அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பு’ நூலில் தீர்ப்பைப் பற்றி ஆராயும்போது இவ்வேறுபாட்டைக் காட்டுகிறார். பொருளைப்பற்றி நாம் எப்படித் தீர்ப்பிட்டாலும் பொருளுக்குத் தீங்கில்லை; எனவே அங்கே உள்ளபடி அறிவது ஒன்றே நோக்கம். மனிதரைப்பற்றிய தீர்ப்போ அவரது மாண்பைத் தொடுகிறது. ஆகவே தெளிவான சான்று இல்லாதபோது அவரை நல்லவராகவே கொள்ள வேண்டும். அதனால் பலமுறை ஏமாந்தாலும், நல்லவர் ஒருவரை ஒருமுறை தவறாகத் தீயவர் என்று எண்ணுவதைவிட அது மேலானது என்பது அவர் கருத்து.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தேய்ந்த காசு மீண்டும் கூர்மை பெறாது. அதன் எண் இறங்கலாமேயன்றி ஏறாது. மனிதனிலோ படைத்தவரின் சாயல் அழிவதில்லை. அருள் அதனை மீண்டும் துலங்கச் செய்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் அறிக்கையிடும் நம்பிக்கையே இதுதான். அவ்வாறிருக்க, பத்தாண்டுகளுக்கு முன் ஒருவருக்கு நாம் ஒட்டிய எண்ணை இன்றும் மாற்றாதிருப்பது எவ்வகையில் நியாயம்?

காசை விற்பவர் கண்ணுக்கு அதன் தரம் கூடித் தெரியும். வாங்குபவர் கண்ணுக்குக் குறைந்து தெரியும். நம் பகையும் உறவும் நம் கண்களை அவ்வாறே திருப்புகின்றன. ஒருவரைப் பற்றி அடுத்த முறை வாய் திறக்குமுன், அவரை எந்த ஒளியில் வைத்துப் பார்த்தோம் என்று மனச்சான்றைக் கேட்போம். பிறர் நாணயத்தை அளக்கப் புகும்போது முதலில் அளக்கப்படுவது நம் நாணயமே.